ஸ்டீம் வால்வு ஏன் துடிக்கிறது? சாயப்பட்டறையில் ப்ரொபோர்ஷனல் வால்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கு இன்ஸ்ட்ருமெண்ட் வேலை பார்க்கிறவன் நான். மெஷின் முன்னால் நின்றுகொண்டும், இரவு ஷிப்டில் ஃபோனிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு 500 கிலோ துணி பிடிக்கும் ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷினை (துணியைக் கயிறுபோல் சுற்றவிட்டுச் சாயம் போடும் மெஷின்) எடுத்துக்கொள்கிறேன். காகித ஆலையிலோ பால் பதப்படுத்தும் இடத்திலோ இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது என்ன வால்வு? சோலனாய்டு வால்விலிருந்து எப்படி வேறு?

சோலனாய்டு வால்வுக்கு இரண்டே நிலை: திறப்பு, மூடல். ப்ரொபோர்ஷனல் வால்வு இடையில் எந்த இடத்திலும் நிற்கும். சூட்டையோ ஓட்டத்தையோ பார்த்து வால்வுக்குச் சிக்னல் அனுப்பும் கண்ட்ரோலர் 4 மில்லி ஆம்பியர் கொடுத்தால் மூடியிருக்கும், 20 கொடுத்தால் முழுதும் திறக்கும், 12 கொடுத்தால் அதன் தண்டு பாதி தூரம் நகர்ந்து நிற்கும். குடம் நிரம்பப் போகும்போது குழாயைக் கொஞ்சம் திருகிக் குறைக்கிறோமே, அந்தக் கைவேலையை ஒரு நாளில் ஆயிரம் முறை சலிக்காமல் செய்யும் வால்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். தண்டு பாதி தூரம் நகரும் என்றுதான் சொன்னேன். ஓட்டம் பாதியாகும் என்று சொல்லவில்லை. இந்த வால்வைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி அந்த வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது. கீழே வருகிறேன்.

சாயப்பட்டறைக்கு இது ஏன் வேண்டும்? ஆன்-ஆஃப் வால்வில் முன்பு சாயம் போடவில்லையா?

போட்டோம். இன்றும் போடுகிறார்கள். சாயம் துணியில் ஏறுகிற வேகம் சூட்டைப் பொறுத்தது என்பதுதான் விஷயம். பாலியெஸ்டரை 130 டிகிரி வரை கொண்டுபோகும்போது நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி என்று சீராக ஏற்ற வேண்டும். சாயம் வேகமாக ஏறும் கட்டத்தில் சூடு தாவித் தாவி ஏறினால் கயிறாக ஓடும் துணியில் ஓர் இடம் கூடுதலாகக் குடிக்கும், இன்னோர் இடம் குறைவாகக் குடிக்கும். வெளியே எடுத்தால் திட்டுத்திட்டாக இருக்கும். அப்புறம் சாயத்தை ஸ்ட்ரிப் பண்ணு (உரித்தெடு), மறுபடி போடு என்று தண்ணீரும் ஸ்டீமும் நேரமும் இரண்டு மடங்கு.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது சூட்டைவிட சோடா முக்கியம். 60 டிகிரியில் நிறுத்தி வைத்து, சோடா ஆஷ் கரைசலை முதலில் சொட்டுச் சொட்டாகவும் போகப் போகக் கூடுதலாகவும் அரைமணி, முக்கால் மணி நேரத்தில் இறக்குவார்கள். சோடா மொத்தமாக விழுந்தால் சாயம் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். எங்கே முதலில் பட்டதோ அங்கே அழுத்தமாக. அந்த வளைகோட்டை ஆன்-ஆஃப் வால்வால் வரைய முடியாது என்றில்லை, ஆனால் கோடு படிக்கட்டாகத்தான் வரும்.

எத்தனை வகை உண்டு? நான் எதை வாங்குவது?

ஸ்டீமுக்கு: ஏர் டயஃப்ரம் உள்ள குளோப் வால்வு (காற்றழுத்தத்தால் தண்டு நகரும்; தண்டின் நுனியில் உள்ள ப்ளக், சீட் என்ற வளையத்தில் உட்கார்ந்து வழியை அடைக்கும்), மேலே பொசிஷனர் (சிக்னல் சொன்ன இடத்தில் தண்டை நிறுத்தும் கருவி). பழைய ஆள், முரட்டு ஆள், நம்பலாம். இடம் குறைவாக இருந்தால் பொசிஷனர் வைத்த ஆங்கிள் சீட் வால்வும் ஓடும்.

கம்ப்ரெஸ்டு ஏர் இல்லாத இடத்துக்கு மோட்டார் ஆக்சுவேட்டர், அதாவது தண்டை மோட்டாரால் நகர்த்தும் பகுதி. மெதுவாக நகரும். தொட்டி லெவல், சுடுதண்ணீர் போன்றவற்றுக்குப் போதும்.

சின்ன அளவில், சில மில்லிமீட்டர் துவாரம் மட்டும் உள்ள இடங்களுக்கு ப்ரொபோர்ஷனல் சோலனாய்டு. காயிலில் ஓடும் மின்னோட்டத்துக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை எதிர்த்து ப்ளஞ்சர் (உள்ளே நகரும் இரும்புத் தண்டு) உயரும். இதற்கு மின்னழுத்தத்தை நேராகக் கொடுக்காதீர்கள். மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்தும் டிரைவர் கார்டு வேண்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். காயில் 60 டிகிரி சூடேறினால் தடை 23 சதவீதம் ஏறிவிடும், அதே வோல்ட்டில் மின்னோட்டம் குறைந்து வால்வு தானாகச் சாத்திக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த டோசிங் (கெமிக்கலை அளந்து விடுவது) மதியம் குறைகிறது என்று வரும் புகாரில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஹைட்ராலிக் பிரஸ், ஊசி வார்ப்பு மெஷின்களில் வரும் ப்ரொபோர்ஷனல் வால்வு வேறு குடும்பம். பெயர்தான் ஒன்று.

4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்றே ஏன்? பூஜ்யத்தில் தொடங்கக் கூடாதா?

பூஜ்யத்தில் தொடங்கினால், "வால்வை மூடு" என்ற கட்டளைக்கும் வயர் அறுந்துபோனதற்கும் வித்தியாசம் தெரியாது. 4-ல் தொடங்கினால், 3.6-க்குக் கீழே போனாலே எங்கோ கோளாறு என்று அலாரம் வைக்கலாம். அதே 4 மில்லி ஆம்பியரில் பொசிஷனர் தனக்கான மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும், தனி சப்ளை வேண்டாம். காற்றுச் சிக்னல் காலத்திலும் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. என்று வைத்ததற்கு ஒரு காரணம், சிக்னல் அற்றுப்போனால் தெரிய வேண்டும் என்பதுதான்.

0 முதல் 10 வோல்ட் சிக்னல் பேனலுக்குள்ளேயோ பக்கத்திலோ என்றால் சரி. நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போனால் வழியில் இரைச்சல் சேரும். எந்தச் சிக்னலானாலும் ஷீல்டு கேபிள் போடுங்கள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் படுக்க வைக்காதீர்கள்.

வால்வை எந்த அளவில் வாங்குவது? பைப் 65 மில்லிமீட்டர், அதனால் வால்வும் 65 தானே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் 500 கிலோ மெஷின். துணி ஒன்றுக்குத் தண்ணீர் ஆறு என்றால் 3,000 லிட்டர். நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்ற வேண்டும். தண்ணீருக்கு 3,000 பெருக்கல் 4.19 பெருக்கல் 2, அதாவது ஏறக்குறைய 25,100 கிலோஜூல். துணிக்கு இன்னொரு 1,300. மொத்தம் நிமிடத்துக்கு 26,400. மெஷினுக்கு வரும் ஸ்டீம் கேஜில் 4 பார், அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்து 5 பார். அந்த அழுத்தத்தில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராகும்போது சுமார் 2,108 கிலோஜூல் தரும். வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 12.5 கிலோ, மணிக்கு 750 கிலோ.

இந்த 750 கிலோ ஸ்டீம் பைப்பில் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போக வேண்டுமானால் 65 மில்லிமீட்டர் பைப் வேண்டும். பைப் போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். வால்வுக்குக் கணக்கு வேறு. வால்வின் கொள்ளளவைக் கே.வி. என்ற எண்ணால் சொல்வார்கள் (கிலோ வோல்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்): வால்வின் இரு பக்கமும் 1 பார் வித்தியாசம் இருக்கும்போது மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகும் என்பதே அது. அமெரிக்கக் கேட்டலாக்கில் சி.வி. என்று இருந்தால் அதை 1.156-ஆல் வகுத்தால் கே.வி. கிடைக்கும்.

ஸ்டீமுக்கு ஒரு வசதி உண்டு. வால்வுக்குப் பின்னால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதில் சுமார் 58 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு இறங்கினாலும் ஓட்டம் கூடாது. அந்த நிலையில் மணிக்குப் போகும் கிலோ என்பது தோராயமாக 12 பெருக்கல் கே.வி. பெருக்கல் முன்பக்க அழுத்தம், வளிமண்டலத்தையும் சேர்த்து. 750-ஐ 12-ஆலும் 5-ஆலும் வகுத்தால் 12.5. கேட்டலாக்கைப் புரட்டினால் 32 மில்லிமீட்டர் வால்வுக்குக் கே.வி. 16 போல இருக்கும். அதுதான் உங்கள் வால்வு. 65 பைப்பில் 32 வால்வு, இரு பக்கமும் ரெடியூசர்.

இப்போது 65 வால்வையே போட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் கே.வி. சுமார் 63. முழுதும் திறந்தால் மணிக்கு 3,780 கிலோ விடும். உங்களுக்குத் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதுகூடப் பரவாயில்லை. 60 டிகிரியில் நிறுத்திவைக்கும் நேரத்தைப் பாருங்கள். அப்போது மெஷின் இழக்கும் வெப்பத்தை மட்டும் ஈடுகட்ட வேண்டும். மணிக்கு 40 கிலோ என்று வையுங்கள். 3,780-ல் 40 என்பது 1 சதவீதம். சாதாரண கண்ட்ரோல் வால்வு நம்பிக்கையாகக் கட்டுப்படுத்தக்கூடிய மிகச் சிறிய ஓட்டமே 2 சதவீதம்தான். எனவே வால்வு என்ன செய்யும்? கொஞ்சம் திறக்கும், சூடு தாண்டும், மூடும், சூடு விழும், மறுபடி திறக்கும். ப்ரொபோர்ஷனல் வால்வுக்குக் காசு கொடுத்து ஆன்-ஆஃப் வால்வை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

32 மில்லிமீட்டர் வால்வில் அதே 40 கிலோ என்பது கொள்ளளவில் 4 சதவீதத்துக்கு மேல். தண்டு ஏறக்குறைய 19 சதவீதத் தூக்கலில் நிதானமாக நிற்கும். சூடேற்றும்போது 94 சதவீதத்தில் நிற்கும். இரண்டு வேலைக்கும் அதற்கு இடம் இருக்கிறது.

"நாளைக்கு மெஷின் பெரிசு பண்ணினா?" என்று பர்ச்சேஸில் கேட்பார்கள். நாளைக்குப் பெரிய வால்வு வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் என் பதில். பைப்பைப் பெரிதாகப் போடுவது புத்திசாலித்தனம், வால்வை அப்படிப் போட முடியாது.

19 சதவீதத் தூக்கலில் 4 சதவீத ஓட்டம் எப்படி வந்தது?

அந்த வால்வின் ப்ளக் ஈக்குவல் பர்சென்டேஜ் வடிவில் கடைந்தது. அதில் தண்டு ஒவ்வொரு முறை ஒரே அளவு நகரும்போதும், ஓட்டம் அப்போதிருந்த அளவிலிருந்து ஒரே சதவீதம் கூடும். மிகக் குறைந்த ஓட்டத்துக்கும் மிகக் கூடியதற்கும் 1-க்கு 50 என்ற விகிதம் இருந்தால், தண்டு பாதி உயர்ந்தபோது ஓட்டம் 14 சதவீதம்தான். கீழ்ப்பகுதியில் நிதானம், மேல்பகுதியில் வேகம். லீனியர் ப்ளக்கில் பாதிக்குப் பாதி.

கேட்டலாக்கில் போட்டிருக்கும் வளைகோடு, வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் மாறாமல் இருக்கும்போது எடுத்தது. உங்கள் லைனில் அது மாறாமல் இருக்காது. தண்ணீர் லைனில் மொத்த அழுத்த இழப்பு 2 பார், முழு ஓட்டத்தில் வால்வு மட்டும் எடுப்பது 0.1 பார் என்றால், வால்வின் பங்கு 5 சதவீதம். இதற்கு அத்தாரிட்டி என்று பெயர். அந்த லைனில் லீனியர் வால்வை 10 சதவீதம் திறந்தாலே முழு ஓட்டத்தில் 41 சதவீதம் போய்விடும், 30 சதவீதம் திறந்தால் 81. மீதி 70 சதவீதத் திறப்பு சும்மா அலங்காரம். அத்தாரிட்டி 50 சதவீதமாக இருந்தால் அதே 10-க்கு 14, அதே 30-க்கு 41. குறைந்தது 30 சதவீதமாவது இருக்கட்டும். அழுத்தத்தை வால்வில் வீணாக்குகிறோமே என்று மேனேஜர் முகம் சுளிப்பார். கட்டுப்பாட்டின் விலை அது.

ஸ்டீம் சூடேற்றலுக்கு ஈக்குவல் பர்சென்டேஜ். லெவலுக்கும், அழுத்தம் நிலையாக இருக்கும் லைனுக்கும் லீனியர். பெரும்பாலும் இந்த இரண்டு வரியே போதும்.

சூடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பி.ஐ.டி.யை எப்படி ட்யூன் செய்வது?

பி.ஐ.டி. என்பது கண்ட்ரோலர் சிக்னலைக் கணக்கிடும் முறை: பி இப்போதைய வித்தியாசத்தையும், ஐ இதுவரை சேர்ந்த வித்தியாசத்தையும், டி அது மாறும் வேகத்தையும் பார்க்கும். முதலில் ட்யூன் செய்யாதீர்கள். கண்ட்ரோலரை மேனுவலில் போட்டு, வால்வை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஆட்டம் நிற்கவில்லை என்றால் கோளாறு வெளியே இருக்கிறது: பாய்லர் அழுத்தம் ஆடுகிறது, அல்லது பக்கத்து மெஷின் ஸ்டீமை இழுக்கிறது. ஆட்டம் நின்றுவிட்டால் வால்வோ ட்யூனிங்கோ.

அடுத்து, மேனுவலிலேயே சிக்னலை அரை அரை சதவீதமாகக் கூட்டுங்கள், தண்டைக் கண்ணால் பாருங்கள். மூன்று நான்கு தடவை கூட்டும்வரை அசையாமல் இருந்து, பிறகு ஒரேயடியாகத் துள்ளினால் தண்டு பிடிக்கிறது. இதை எந்த ட்யூனிங்காலும் சரிசெய்ய முடியாது. கண்ட்ரோலரின் ஐ பகுதி பொறுமையில்லாமல் சிக்னலைக் கூட்டிக்கொண்டே போகும், வால்வு கடைசியில் தாவி அதிகம் திறக்கும், பிறகு அதே கதை எதிர்ப்பக்கம்.

தண்டு பிடிப்பதற்கு எனக்குத் தெரிந்து முதல் காரணம், கிளாண்டை (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை அழுத்தும் பகுதி) இறுக்கும் கை. கொஞ்சம் ஸ்டீம் கசிந்தால் ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்து ஒரு சுற்று. அடுத்த வாரம் இன்னொரு சுற்று. ஒரு பட்டறையில் மூன்று மாதமாகச் சாஃப்ட்வேரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் முதல் நாள் பி மதிப்பையும் ஐ மதிப்பையும்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மறுநாள் கிளாண்ட் நட்டைத் தளர்த்தி, பேக்கிங்கை மாற்றிய பிறகு கோடு நேரானது. முதல் நாள் வேலைக்கு நான் பில் போடவில்லை. 150 டிகிரி ஸ்டீமுக்கு டெஃப்லான் பேக்கிங் தாராளமாகத் தாங்கும், உராய்வும் குறைவு. கிராஃபைட் அதைவிட உயர்ந்த சூட்டுக்கு, ஆனால் தண்டை இறுக்கிப் பிடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ட்யூனிங். 1942-ல் சீக்லர், நிக்கல்ஸ் இருவரும் கொடுத்த முறை இன்றும் தொடக்கப்புள்ளியாக உதவும், ஆனால் அது கொடுக்கும் எண்கள் சாயத்துக்குச் சற்று முரட்டுத்தனமானவை. பி மதிப்பைப் பாதியாக்கித் தொடங்குவது என் வழக்கம். தண்ணீர், கெமிக்கல் ஓட்டத்துக்குப் பி.ஐ. போதும், டி வேண்டாம். மீட்டரின் சின்னச் சின்னத் துடிப்பையெல்லாம் டி பெரிதாக்கிவிடும். மெதுவாக மாறும் சூட்டுக்குக் கொஞ்சம் டி உதவலாம்.

60 டிகிரியில் நிறுத்தும்போது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் டமார் டமார் என்று சத்தம். வால்வு பழுதா?

வால்வு நன்றாக வேலை செய்வதால் வரும் சத்தம் அது! பலர் நம்ப மறுப்பார்கள்.

தேவை குறைந்ததும் வால்வு சாத்துகிறது. ஸ்டீமின் சூட்டைச் சாயத் தண்ணீருக்கு மாற்றும் எக்ஸ்சேஞ்சருக்குள் ஸ்டீம் அழுத்தம் விழுகிறது. 60 டிகிரியில் ஸ்டீமின் அழுத்தம் 0.2 பார்தான், அதாவது உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். அதற்குள் கண்டன்சேட் தண்ணீரை (ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீர்) ட்ராப் (தண்ணீரை மட்டும் விட்டு ஸ்டீமைத் தடுக்கும் கருவி) வழியாக வெளியே தள்ள என்ன இருக்கிறது? கண்டன்சேட் லைன் ஐந்து மீட்டர் மேலே ஏறிப் போகிறது என்றால் அதற்கே அரை பார் வேண்டும். தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது. அடுத்து வால்வு திறக்கும்போது ஸ்டீம் அந்தத் தண்ணீரில் பாய்ந்து அடிக்கிறது. ஆன்-ஆஃப் வால்வாக இருந்தபோது ஒவ்வொரு முறையும் முழு அழுத்தம் வந்து தண்ணீரைத் தள்ளிவிட்டதால் இந்தப் பிரச்சினை மறைந்திருந்தது.

எக்ஸ்சேஞ்சரில் வெற்றிடத்தை உடைக்கும் சின்ன வால்வு ஒன்று போடுங்கள். ட்ராப்பை எக்ஸ்சேஞ்சருக்கு நல்ல கீழே வையுங்கள். கண்டன்சேட் தன் எடையாலேயே இறங்கி ஒரு தொட்டிக்கு வரட்டும், அங்கிருந்து பம்ப் மேலே தள்ளட்டும். வால்வுக்கு முன்னாலும் ஸ்டீமிலுள்ள ஈரத்தைப் பிரிக்கும் ஒரு செபரேட்டரும் ட்ராப்பும் இருக்க வேண்டும். ஈரமான ஸ்டீம், அரைகுறையாகத் திறந்த ப்ளக்கின் விளிம்பில் சீறிக்கொண்டு போனால் சீட்டில் கம்பியால் கீறியதுபோல் கோடு விழும். அப்புறம் அந்த வால்வு மூடாது. அளவு பெரிய வால்வு எப்போதும் அந்த விளிம்பிலேயே நிற்பதால் சீக்கிரம் சாவதும் அதுதான்.

கரண்ட் போனால், ஏர் போனால் வால்வு எந்த நிலைக்குப் போக வேண்டும்?

ஸ்டீம் வால்வு மூட வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் வால்வு பெரும்பாலும் திறக்க வேண்டும். டோசிங் வால்வு மூட வேண்டும். டயஃப்ரம் வால்வில் ஸ்பிரிங் இதைச் செய்யும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதுங்கள். சாதாரண மோட்டார் ஆக்சுவேட்டர் கரண்ட் போன இடத்திலேயே நின்றுவிடும், ஸ்டீம் லைனில் அது ஆபத்து.

எந்தக் கண்ட்ரோல் வால்வையும் முழு அடைப்பு வால்வாக நம்பாதீர்கள். உலோக சீட் உள்ளவற்றில் நான்காம் வகுப்புக் கசிவு என்றால் முழுக் கொள்ளளவில் 0.01 சதவீதம் வரை அனுமதி உண்டு. சோடா தொட்டியில் இரவு முழுக்க அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். முன்னால் ஒரு ஆன்-ஆஃப் வால்வு தனியாக இருக்கட்டும்.

பொசிஷனர் அடிக்கடி கெட்டுப்போகிறது. தரமில்லையா?

ஏரைப் பாருங்கள். பொசிஷனருக்குள் ஊசித்துளை அளவுக்குத்தான் வழி இருக்கும். கம்ப்ரெஸரிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் வந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பனியன் ஊரில் பஞ்சுத் தூசி வேறு. ஏர் ட்ரையர், ஃபில்ட்டர் ரெகுலேட்டர், தினம் ஒருமுறை ட்ரெய்ன் திறப்பது. வேறொன்றும் இல்லை.

ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்த மீட்டரை எங்கே வைப்பது?

மீட்டர் முன்னால், வால்வு பின்னால். வால்வைத் தாண்டி வரும் தண்ணீர் சுழன்று கலங்கி வரும். மேக்னடிக் மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தில் ஐந்து மடங்கு நேர்ப் பைப், பின்னால் இரண்டு மூன்று மடங்கு கொடுங்கள். பைப் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மேக்னடிக் மீட்டர் மின்கடத்தும் திரவத்தை மட்டும்தான் அளக்கும். ஸ்டீமுக்கு வோர்ட்டெக்ஸ் மீட்டர் போடுங்கள்.

ஆர்.ஓ. பிளாண்டில் ரிஜெக்ட் வால்வுக்கும் இதே கணக்கா?

ஆர்.ஓ. என்பது கழிவுநீரை அழுத்தத்தில் மெம்பரேன் வழியாகத் தள்ளி நல்ல தண்ணீரைப் பிரிப்பது; மீதியாகும் உப்புத் தண்ணீர்தான் ரிஜெக்ட். கணக்கு அதே, துன்பம் வேறு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றானதும், ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இந்த ஊரில் தொழிலின் உயிர்நாடி ஆகிவிட்டன. அதனால் இந்தக் கேள்வி இங்கே நிறைய வரும்.

மணிக்கு 20 கன மீட்டர் உள்ளே போய் 14 நல்ல தண்ணீராக வந்தால் மீதி 6 ரிஜெக்ட். அந்த 6-ஐ நிலையாக வைத்திருப்பது ரிஜெக்ட் வால்வு. அது கூடுதலாகச் சாத்தினால் நல்ல தண்ணீர் கூடும், ஆனால் மெம்பரேனில் உப்புப் படியும். எனவே இந்த வால்வு ஒருநாளும் முழுதாக மூடாதபடி இயந்திர ஸ்டாப் வையுங்கள், சாஃப்ட்வேர் லிமிட்டை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, மெம்பரேனில் இருந்த அழுத்தம் முழுவதும் இந்த ஒரு வால்வில்தான் இறங்குகிறது. ப்ளக்கும் சீட்டும் சேரும் குறுகலில் தண்ணீரின் அழுத்தம் ஆவி அழுத்தத்துக்குக் கீழே போய்க் குமிழி கட்டும், கொஞ்சம் தள்ளி அழுத்தம் மீண்டதும் குமிழி வெடிக்கும். பைப்பில் காது வைத்தால் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும். கழற்றிப் பார்த்தால் ப்ளக் கறையான் அரித்ததுபோல் இருக்கும். அழுத்தத்தை இரண்டு மூன்று படியாக இறக்கும் ட்ரிம் (ப்ளக்கும் சீட்டும் சேர்ந்த உள்பாகம்) வாங்க வேண்டும். சூடான தண்ணீரில் இது இன்னும் சுலபமாக வரும்: 20 டிகிரியில் ஆவி அழுத்தம் 0.023 பார், 80 டிகிரியில் 0.47.

பம்புக்கு வி.எஃப்.டி. போட்டாலே ஓட்டம் குறையுமே, வால்வு எதற்கு?

ஒரு பம்ப், ஒரு லைன், ஒரு வேலை என்றால் வி.எஃப்.டி.யே நல்லது. தண்ணீரை மேலே ஏற்றும் வேலை அதிகமில்லாத லைனில், வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். வால்வைச் சாத்தி ஓட்டத்தைக் குறைப்பது ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக் போடுவது மாதிரி. ஒரே ஹெடரிலிருந்து (பொதுவான பெரிய பைப்) பத்து மெஷினுக்குத் தண்ணீர் பிரிகிறது என்றால், ஹெடர் அழுத்தத்தை வி.எஃப்.டி. பார்த்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு மெஷினின் பங்கையும் அதனதன் வால்வு பார்த்துக்கொள்ளட்டும். ஸ்டீமுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

ப்ரொபோர்ஷனல் வால்வு தேவையே இல்லாத இடம் உண்டா?

நிறைய. மெஷினுக்குத் தண்ணீர் நிரப்புவது, ட்ரெய்ன் திறப்பது, வாஷிங்: ஆன்-ஆஃப் போதும். பெரிய சுடுதண்ணீர் தொட்டிக்கு, பத்து விநாடி சுழற்சியில் நான்கு விநாடி திற, ஆறு விநாடி மூடு என்று ஓட்டினாலே சூடு நிலையாக நிற்கும், ஏனென்றால் அவ்வளவு தண்ணீர் அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். இங்கெல்லாம் விற்பவர் பேச்சைக் கேட்டு விலையுயர்ந்த வால்வைப் போடாதீர்கள். அந்தப் பணத்தில் ஏர் ட்ரையர் வாங்குங்கள்.

65 மில்லிமீட்டர் வால்வை வாங்கிப் போட்டாயிற்று. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். பல குளோப் வால்வுகளுக்கு அதே உடலில் சிறிய ப்ளக்கும் சீட்டும் மாற்றிப் போடலாம், குறைத்த ட்ரிம் என்று கேளுங்கள். வால்வின் பெயர்ப்பலகையில் உள்ள சீரியல் எண்ணையும், நீங்கள் கணக்கிட்ட கே.வி.யையும் சொன்னால் போதும். பைப்பை வெட்ட வேண்டாம், ஃப்ளாஞ்சைக் கழற்ற வேண்டாம்.

அது கிடைக்காத மாடலாக இருந்தால், பெரிய வால்வுக்கு இணையாக 15 அல்லது 20 மில்லிமீட்டர் ஆன்-ஆஃப் வால்வும் அதன் பின்னால் கையால் செட் செய்யும் ஊசி வால்வும் போட்டு, நிறுத்திவைக்கும் நேரத்தில் பெரியதை மூடிவிட்டுச் சின்னதை மட்டும் ஓட்டச் சொல்லி பி.எல்.சி.யில் (மெஷினை ஓட்டும் கணினிப் பெட்டி) நாலு வரி எழுதலாம். அழகான வேலை இல்லை. ஆனால் ஒரு பட்டறையில் இப்படிச் செய்தது ஆறாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஊசி வால்வின் கைப்பிடியை மட்டும் கழற்றி சூப்பர்வைசர் மேசை ட்ராயரில் வைத்திருக்கிறார்கள், யாரும் திருகிவிடாமல் இருக்க.